பெர்கமு மலைக்கு ஒரு நாள்: தனி கைடு தேவையா?

எனக்கு வந்த கேள்வியை மற்றவர்களுக்காகச் சுருக்கிவிடுகிறேன். அம்மாவுக்கு, வேதத்தில் வெளிப்படுத்தின விசேஷத்தில் வருகிற ஏழு சபைகளின் ஊர்களையும் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. அக்டோபரில் குடும்பத்தோடு துருக்கி, தங்கல் இஸ்மிரில். அதில் ஒரு நாள், பழைய நகரம் இடிந்து கிடக்கிற பெர்கமு மலை. குரூப் பஸ்ஸில் போவதா, தனி வண்டியும் கைடும் எடுப்பதா? அப்பாவுக்கு முட்டி வலி. அதே நாளில் எபேசுவையும் முடித்துத் தருகிறோம் என்கிறது ஒரு ஏஜென்சி, நம்பலாமா?

கடைசிக் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். எபேசுவைச் சேர்க்காதீர்கள். பெர்கமு (ஊர்ப்பலகையில் பெர்காமா என்று இருக்கும்) இஸ்மிருக்கு வடக்கே நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே, எபேசு தெற்கே எண்பது. ஒன்றை முடித்துவிட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் இஸ்மிரைத் தாண்டித்தான் போக வேண்டும். நாளில் ஐந்து மணி நேரம் வண்டியிலேயே போய்விடும், மிச்ச நேரத்தில் இரண்டு இடத்திலும் ஓட்டமும் நடையுமாகப் படம் எடுத்துக்கொண்டு வரலாம், அவ்வளவுதான். சேர்த்தே ஆக வேண்டும் என்றால் தியத்தீராவைச் சேருங்கள். இன்றைய அக்ஹிசார் ஊருக்கு நடுவே வேலி போட்ட சின்ன இடம் அது, அரை மணி நேரம் போதும், திரும்பும்போது சுற்றுவழியில் வந்தால் ஆயிற்று. ஆனாலும் என்னைக் கேட்டால் பெர்கமுவுக்கு முழு நாளையும் கொடுத்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். இஸ்மிரில் வேலை பார்த்த காலத்தில் ஊரிலிருந்து யார் வந்தாலும் அவர்களை அங்கே கூட்டிப்போகிற பொறுப்பு என் தலையில்தான் விழும். அவசரமாகப் பார்த்துவிட்டு இறங்கியவர்கள் எல்லோரும் "மலைமேல நாலு தூண் இருக்கு" என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

தனி கைடு விஷயத்துக்கு வருகிறேன். எடுங்கள். ஆனால் ஏஜென்சிகள் சொல்கிற காரணத்துக்காக அல்ல. அவர்கள் விற்பது ஏசி வேன், ஹோட்டல் வாசலில் பிக்கப், தண்ணீர் பாட்டில். பெர்கமுவில் காசு கொடுக்க வேண்டியது வேறு ஒன்றுக்கு. எபேசுவில் கைடு இல்லாமலும் சமாளித்துவிடலாம். செல்சஸ் நூலகத்தின் முகப்பு நிமிர்ந்து நிற்கிறது, பளிங்குத் தெரு நேராகப் போகிறது, பார்த்தாலே புரியும். பெர்கமுவில் பாதி விஷயம் அங்கே இல்லவே இல்லை. நூலகம் இருந்த இடத்தில் சுவரின் அடிப்பாகம். அதேனா கோவில் இருந்த இடத்தில் தரைமட்டத்துக்கு அஸ்திவாரம். உலகப் புகழ்பெற்ற பலிபீடம் இருந்த இடத்தில் கல் படிகளும் அதன்மேல் வளர்ந்த பைன் மரங்களும். பார்க்கிறவன் கண்ணுக்கு வெறும் கல்லாகத் தெரிவதை எழுப்பிக் காட்ட ஓர் ஆள் வேண்டும். பத்து பேர் கூட்டத்துக்கு மைக்கில் பேசுகிறவரால் அது முடியாது. உங்கள் வேகத்துக்கு நடந்து, நீங்கள் கேட்கிற இடத்தில் நின்று, அப்பா உட்கார்ந்துவிட்டால் தானும் உட்கார்ந்து பேசுகிறவரால்தான் முடியும்.

ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். நம் ஊரிலும் இலங்கையிலும் டிரைவரே பாதி கைடு, அவரே கதையும் சொல்லி உள்ளேயும் கூட வந்துவிடுவார். துருக்கியில் அப்படி இல்லை. கைடு என்றால் அரசு உரிமம் உள்ளவர், கழுத்தில் அடையாள அட்டை தொங்கும். டிரைவருக்கு எவ்வளவு நன்றாக ஆங்கிலம் வந்தாலும் அவர் உங்களை வாசலில் இறக்கிவிட்டு வண்டிக்குத் திரும்பிவிடுவார். அதனால் "பிரைவேட் டூர்" என்று போட்டிருந்தால் உரிமம் உள்ள கைடு கூட வருகிறாரா, வண்டி மட்டும்தானா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விலை குறைவாக இருக்கிற பேக்கேஜில் பெரும்பாலும் இதில்தான் கை வைத்திருப்பார்கள். இன்னொன்று, கைடின் கூலி தலைக்கு இல்லை, நாளுக்கு. குறைந்தபட்சக் கட்டணத்தை ஒவ்வொரு வருடமும் அரசே அறிவிக்கிறது. உங்களோடு இன்னொரு குடும்பம் சேர்ந்தால் தலைக்கு ஆகிற செலவு நன்றாக இறங்கும். நுழைவுச் சீட்டு மலைக்கு, அஸ்க்லேபியோன் என்கிற பழங்கால வைத்தியத் தலத்துக்கு, ஊருக்குள் இருக்கிற சிவப்புக் கட்டடத்துக்கு என்று தனித்தனி. அவையும் கேபிள் கார் டிக்கெட்டும் பேக்கேஜில் சேர்த்தியா இல்லையா என்பதும் சண்டை வருகிற இடம், முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

சரி, மலைக்கு ஏறுவோம். கடல்மட்டத்திலிருந்து 330 மீட்டர் போல உயரம், ஆனால் சமவெளியிலிருந்து சடாரென்று எழுந்து நிற்பதால் இன்னும் உயரமாகத் தெரியும். இதை ராஜதானி ஆக்கியவர்களின் கதை கேட்கச் சுவையானது. அலெக்சாந்தருக்குப் பிறகு வந்த தளபதிகளில் ஒருவரான லிசிமாக்கஸ், தன் கஜானாவில் 9000 தாலந்து வெள்ளியை இந்த மலையில் வைத்து பிலெட்டேரஸ் என்பவரைக் காவலுக்கு நியமித்தார். காவல்காரர் கொஞ்ச நாளில் எஜமானரை மாற்றிக்கொண்டார், பணம் மட்டும் மலையிலேயே தங்கிவிட்டது. அந்தப் பணத்தில் கிளம்பியதுதான் அத்தாலிட் வம்சம். ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு ஆண்டார்கள். கடைசி அரசர் மூன்றாம் அத்தாலஸ் வாரிசில்லாமல் கி.மு. 133இல் இறந்தபோது ராஜ்யத்தை ரோமுக்கு உயில் எழுதி வைத்துவிட்டார். வீட்டையும் நிலத்தையும் எழுதி வைப்பது தெரியும், ஒரு நாட்டையே எழுதிவைத்த ஆள் இவர். ரோமுக்கு ஆசியாவில் காலூன்ற இடம் கிடைத்தது அப்படித்தான்.

அம்மாவுக்கு முக்கியமான இடம் பலிபீடம். வெளிப்படுத்தின விசேஷத்தில் பெர்கமு சபைக்கு எழுதிய கடிதத்தில் "சாத்தானுடைய சிங்காசனம்" இருக்கிற இடம் என்று வருகிறதே, அது கிரேக்கர்களின் தலைமைத் தெய்வமான சேயுஸின் இந்தப் பலிபீடம்தான் என்று கைடுகள் அடித்துச் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் வேறு கருத்துகளும் உண்டு. கி.மு. 29இல் ரோமப் பேரரசர் அகஸ்துவுக்கும் ரோமா தேவிக்கும் இங்கே கோவில் கட்ட அனுமதி கிடைத்தது, ஆசிய மாகாணத்தில் பேரரசர் வழிபாடு தொடங்கியதே அதிலிருந்துதான், கடிதம் அதைக் குறிக்கிறது என்பவர்கள் இருக்கிறார்கள். பாம்பைச் சின்னமாகக் கொண்ட வைத்தியத் தெய்வம் அஸ்க்லேபியஸின் வழிபாடு என்பவர்களும் இருக்கிறார்கள். ஆக, இது முடிந்துபோன வழக்கு இல்லை. ஒரே ஒரு பதிலை மட்டும் தயங்காமல் தள்ளிவிடலாம்: மலை உச்சியில் வெள்ளைத் தூண்களோடு நிற்கிற திராயான் கோவிலைக் காட்டி இதுதான் சிங்காசனம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். திராயான் பேரரசர் ஆனதே கி.பி. 98இல், கோவில் அதற்கும் பிறகு எழுந்து, அவருக்கு அடுத்து வந்த ஹாட்ரியான் காலத்தில்தான் முடிந்தது. கடிதமோ திராயானுக்கு முன்பே ஆண்ட தொமித்தியான் காலத்தது என்பதுதான் பெரும்பாலோர் கருத்து. அதே வசனத்தில் வரும் அந்திப்பாவை வெண்கலக் காளைக்குள் வைத்துச் சுட்டுக் கொன்றார்கள் என்ற கதையும் சொல்வார்கள். அது பின்னாளில் வந்த மரபு, வேதத்தில் கொல்லப்பட்டார் என்று மட்டும்தான் இருக்கிறது. அம்மாவுக்கு இதெல்லாம் முன்பே தெரிந்தால் கைடிடம் நல்ல கேள்விகள் கேட்பார்.

அந்தப் பலிபீடத்தின் கல் எல்லாம் எங்கே போயிற்று என்று நிச்சயம் கேட்பீர்கள். பெர்லினுக்கு. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் யூமெனிஸ் கட்டியது, தேவர்களும் அரக்கர்களும் மோதுகிற புடைப்புச் சிற்பம் அதன் சுற்றுச் சுவரில் நூறு மீட்டருக்கு மேல் ஓடியது, ஆள் உயரத்துக்கும் மேலே. பிற்காலத்தில் பைசாந்தியர்கள் கோட்டைச் சுவர் கட்ட அந்தப் பலகைகளைப் பெயர்த்துச் சுவருக்குள் வைத்துப் பூசிவிட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கார்ல் ஹூமான் என்ற ஜெர்மன் பொறியாளர் சாலை போட வந்தார். பளிங்கையெல்லாம் சுண்ணாம்புக் காளவாயில் போட்டு எரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, ஒட்டோமான் அரசின் அனுமதி வாங்கி 1878இல் தோண்ட ஆரம்பித்தார். காப்பாற்றினாரா, கொண்டுபோனாரா? இரண்டும்தான். பெர்காமா ஊர்க்காரர்கள் திருப்பிக் கேட்கிறார்கள், பெர்லின் கொடுக்கவில்லை. அந்த ஹூமானின் கல்லறை எங்கே இருக்கிறது தெரியுமா? பலிபீடம் இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே. இஸ்மிரில் புதைத்தவரை 1967இல் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். ஊர்க்காரர் கைடாக வந்தால் இந்த இடத்தில் அவர் குரல் கொஞ்சம் மாறும், பேச விடுங்கள். துருக்கியை முடித்துவிட்டு பெர்லின் போய் மீதியைப் பார்க்கலாம் என்று திட்டம் இருந்தால் ஒத்திப்போடுங்கள். அது இருக்கிற பெர்கமோன் மியூசியத்தில் பலிபீடக் கூடத்தை 2014லேயே மூடிவிட்டார்கள், 2023 அக்டோபரில் மியூசியம் முழுவதையும் மூடினார்கள். 2027இல் அந்தப் பகுதியைத் திறப்பதாகத் திட்டம்.

எனக்கு அந்த மலையில் மிகவும் பிடித்தது தியேட்டர். மேலே அதேனா கோவில் தளத்திலிருந்து ஒரு குறுகிய கல் சுரங்கப் படி வழியாக இறங்கினால் திடீரென்று வானத்தில் வந்து நிற்பது போல இருக்கும், அவ்வளவு செங்குத்து. பத்தாயிரம் பேர் உட்காரலாம், எண்பது வரிசை போல, மொத்தம் 36 மீட்டர் உயரம். பழங்காலத் தியேட்டர்களில் இதுதான் மிகச் செங்குத்தானது என்பார்கள். மேலேயே நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள் எல்லோரும். முட்டி நன்றாக இருக்கிறவர்கள் கீழ்த் தளம் வரை இறங்கிப் பாருங்கள். மேடை இருக்க வேண்டிய இடத்தில் தரைக் கல்லில் சதுரம் சதுரமாகக் குழிகள், வரிசை வரிசையாக. நாடகம் நடக்கிற நாட்களில் அந்தக் குழிகளில் மரத்தூண் நட்டு மேடை கட்டுவார்கள், முடிந்ததும் பிரித்துவிடுவார்கள். ஏன் கல்லிலேயே கட்டாமல் விட்டார்கள்? அந்தத் தளம் ஒரு நடைபாதையும்கூட, 250 மீட்டர் நீளத்துக்குப் போய் வடக்குக் கோடியில் தியோனிசஸ் கோவிலில் முடிகிறது, நிரந்தர மேடை அந்த வழியை அடைத்துவிடும். நம் ஊரில் திருவிழாவுக்கு மட்டும் தெருவில் பந்தக்கால் நடுவது மாதிரிதான். குனிந்து ஒரு குழியில் கை வைத்துப் பார்த்தால் விளிம்பை எவ்வளவு நேர்த்தியாக வெட்டியிருக்கிறார்கள் என்று தெரியும். கைடு இந்தக் குழிகளைக் காட்டாமல் போனால் நீங்களே நிறுத்திக் கேளுங்கள். அப்பாவுக்கு மட்டும் இந்தச் சுரங்கப் படி வேண்டாம். படி உயரம் ஒழுங்காக இருக்காது, கைப்பிடி இல்லாமல் இறங்குவது ஆபத்து. மேலே திராயான் கோவில் பக்கம் உட்கார்ந்துகொள்ளட்டும். அந்தக் கோவிலின் அடியில் கமான் கமானாக நிலவறைகள் உண்டு, சரிவில் தளம் கட்டுவதற்காகத் தாங்கிப்பிடித்த வேலை அது, வெயிலுக்கு ஒதுங்கவும் நல்ல இடம்.

நூலகத்தில் இரண்டு லட்சம் சுருள்கள் இருந்தன, மார்க் அந்தோனி அவற்றைத் தூக்கிக் கிளியோபாத்ராவுக்குப் பரிசாகக் கொடுத்தார் என்பது எல்லா கைடும் சொல்கிற கதை. சொன்னது புளூட்டார்க் என்ற பழங்கால வரலாற்றாசிரியர். ஆனால் அந்தோனியின் எதிராளி ஒருவர் சுமத்திய குற்றச்சாட்டாகத்தான் அதைச் சொல்கிறார், அந்த ஆள் சொன்னதில் பெரும்பாலானவை புளுகு என்று மக்கள் நினைத்தார்கள் என்பதையும் அங்கேயே எழுதிவைத்திருக்கிறார். இந்தப் பின்பாதியை யாரும் சொல்வதில்லை. அதேபோல எகிப்து பாப்பிரஸ் ஏற்றுமதியை நிறுத்தியதால் தோல் தாளை இங்கே கண்டுபிடித்தார்கள் என்பார்கள். தோலில் எழுதுவது அதற்குப் பல நூறு வருடம் முன்பே இருந்தது. பெர்கமுவில் அதைத் தரமாகவும் நிறையவும் செய்தார்கள் என்று எடுத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

தண்ணீர் கதையை யாரும் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும். இவ்வளவு உயரத்தில் ஒரு நகரம், தண்ணீர் எப்படி ஏறிற்று? வடக்கே மாத்ரா மலையிலிருந்து 40 கிலோமீட்டருக்கு மேல் களிமண் குழாயில் கொண்டுவந்து, கடைசி மூன்று கிலோமீட்டர் போல உலோகக் குழாயில் பள்ளத்தாக்கில் இறக்கி, எதிர்க்கரையில் இந்த மலை உச்சிக்கு அழுத்தத்திலேயே ஏற்றினார்கள். பம்பு எதுவும் இல்லை. தொடக்கம் முடிவைவிட உயரத்தில் இருந்தால் தண்ணீர் தானே ஏறும் என்ற கணக்குதான். ஆனால் பள்ளத்தின் அடியில் குழாய் தாங்க வேண்டிய அழுத்தத்தை நினைத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட 200 மீட்டர் உயரத்துக்கு நிற்கிற தண்ணீரின் எடை. உலோகக் குழாயை யாரோ என்றைக்கோ பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள், அதைப் பிடித்து நிறுத்திய துளையிட்ட கற்கள் சில மிஞ்சியிருக்கின்றன. மலையின் பின்பக்கம் நின்றால் அந்தப் பள்ளத்தையும் இன்றைய கெஸ்டெல் அணை ஏரியையும் பார்க்கலாம்.

இறங்குவதுதான் தனி வண்டியின் உண்மையான லாபம். குரூப் பஸ்காரர்கள் மேலே போய் மேலிருந்தே திரும்பிவிடுவார்கள். பழைய நகரத்தின் பாதி மலைச்சரிவில் இருக்கிறது: தெமேத்தர் கோவில், மூன்று அடுக்கு ஜிம்னாசியம், கீழ்ச் சந்தை. வண்டிச் சக்கரம் தேய்த்த பழைய கல் சாலையிலேயே நடந்து இறங்கலாம், ஆள் நடமாட்டமே இருக்காது. வண்டி கீழே வந்து நிற்கும். அப்பாவும் அம்மாவும் கேபிள் காரிலோ வண்டியிலோ இறங்கிக் கீழே டீ குடித்துக்கொண்டிருக்கட்டும், நீங்கள் கைடோடு நடந்து வாருங்கள். கீழ்வழி திறந்திருக்கிறதா என்று காலையிலேயே கைடிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். பளிங்கும் பழங்கல்லும் வழுக்கும், நல்ல பிடிப்புள்ள ஷூ வேண்டும், செருப்பு உதவாது. மலைமேல் நிழல் குறைவு. அக்டோபர் என்பதால் தப்பித்தீர்கள், ஆடி ஆவணி வெயிலில் போகிறவர்களை நினைத்தால் பாவமாக இருக்கும். திறக்கிற நேரத்துக்கே மேலே இருங்கள், பஸ் கூட்டம் வருவதற்குள் பாதி முடிந்துவிடும். அதற்கு இஸ்மிரிலிருந்து ஆறரைக்குக் கிளம்ப வேண்டும்.

மதியம் ஊருக்குள் சாப்பாடு. பேக்கேஜ் உணவகத்துக்குப் போகாமல் கடைத்தெருவில் சாப்பிட வேண்டும் என்று கைடிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் இருந்தால் கவலை வேண்டாம், கத்தரிக்காயும் தக்காளியும் பச்சை மிளகாயும் போட்டுச் செய்கிற சிகிர்த்மா இந்த ஊர் ஸ்பெஷல், ஆலிவ் எண்ணெய்க் காய்கறி வகைகளும் எங்கும் கிடைக்கும். சாப்பிட்ட கையோடு சிவப்புக் கட்டடம். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் எகிப்தியத் தெய்வங்களுக்குச் செங்கல்லில் கட்டிய பிரம்மாண்டமான கோவில், பிற்பாடு உள்ளேயே ஒரு சர்ச் கட்டினார்கள், பக்கத்து உருண்டைக் கோபுரம் ஒன்றில் இன்றைக்கு மசூதி. அதன் முற்றத்துக்கு அடியில் ஓர் ஆறே இரட்டைச் சுரங்கத்தில் ஓடுகிறது, கிட்டத்தட்ட 200 மீட்டர் நீளத்துக்கு. ஏழு சபை டூர்களில் இதையே பெர்கமு சபை என்று காட்டி ஜெபம் செய்ய வைப்பார்கள். கடிதம் எழுதிய காலத்தில் இந்தக் கட்டடமே இல்லை. அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்பது உங்கள் சாமர்த்தியம்.

கடைசியாக அஸ்க்லேபியோன், ஊருக்கு மறுபுறம். பழங்கால ஆஸ்பத்திரி என்று சொல்லலாம், கோவில் என்றும் சொல்லலாம். நோயாளிகள் இரவில் தூங்கிக் கனவு காண்பார்கள், கனவில் தெய்வம் சொல்கிற வைத்தியத்தைச் செய்வார்கள்: சேற்றுக்குளியல், பட்டினி, வெறுங்காலில் ஓட்டம். பழங்கால வைத்திய மேதை கேலன் பிறந்த ஊர் இது, கி.பி. 129. இங்கே கிளேடியேட்டர்களுக்கு வைத்தியராக இருந்துதான் காயத்தைப் பற்றியும் உடம்பைப் பற்றியும் நிறையக் கற்றுக்கொண்டார். உள்ளே எண்பது மீட்டர் போல ஒரு சுரங்கப்பாதை, நடந்தால் குளிர்ச்சியாக இருக்கும், பக்கத்தில் தண்ணீர்ச் சத்தம் கேட்கும். மேலே இருக்கிற துவாரங்கள் வழியாக வைத்தியர்கள் "நீ குணமாவாய்" என்று கிசுகிசுத்தார்கள் என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆதாரம் இல்லை, அவை வெளிச்சத்துக்கு விட்ட துவாரங்கள். தரை பெரும்பாலும் சமம், அப்பா இங்கே நிம்மதியாக நடக்கலாம், அதனால்தான் சாயங்காலத்துக்கு இதை வைக்கச் சொல்கிறேன். பக்கத்தில் ராணுவ முகாம் இருக்கிறது, அந்தப் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள்.

கடைகள். கம்பளக் கடை, ஓனிக்ஸ் கல் கடை, தோல் கடை, ஏதாவது ஒன்றில் "பத்து நிமிஷம், டாய்லெட்டுக்கு" என்று நிறுத்துவார்கள். ஆப்பிள் டீ வரும், பத்து நிமிஷம் ஒரு மணி நேரம் ஆகும். வாங்கினால் கமிஷன் உண்டு. பெர்காமா கம்பளம் உண்மையிலேயே பேர்பெற்றது, வாங்க ஆசை இருந்தால் தப்பில்லை. இல்லையென்றால் புக் செய்யும்போதே "கடை வேண்டாம், அதற்காக விலை கூடினாலும் பரவாயில்லை" என்று எழுதிவிடுங்கள், பலர் ஒத்துக்கொள்வார்கள்.

கைடைத் தேர்ந்தெடுக்க எளிய வழி: புக் செய்வதற்கு முன்பு நேரடியாக மூன்று கேள்வி அனுப்புங்கள். சிங்காசனம் எது என்று நினைக்கிறீர்கள்? முட்டி வலிக்காரருக்கு எந்த வழி? நடந்து இறங்க முடியுமா? முதல் கேள்விக்கு ஒரே வரியில் பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். இரண்டாவதற்கு எந்த இடத்தில் எத்தனை படி, எங்கே உட்காரலாம் என்று விவரமாக எழுதுகிறவர் கிடைத்தால் விலை கொஞ்சம் கூட இருந்தாலும் அவரையே பிடித்துக்கொள்ளுங்கள். முதல் நாள் சாயங்காலம் அவருக்கு ஒரு மெசேஜ் போட்டு மறுநாள் கேபிள் கார் ஓடுமா என்று கேட்டுவிடுங்கள், காற்று பலமாக அடித்தால் நிறுத்திவிடுவார்கள். நிறுத்தினாலும் பாதகமில்லை, மேல் வாசல் வரைக்கும் வண்டி போகிற சாலை இருக்கிறது.